அவர் கட்டாத வாட்ச்

செப்டம்பர் 4, வியாழன்

டாக்டர்தான் இந்த நோட்டைப் போடச் சொன்னார். படுத்திருக்கிற என் வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார், சிறுநீர் எத்தனை முறை, பிரஷர் எவ்வளவு, இவ்வளவு எழுதினால் போதுமாம். எனக்கு அதோடு நிறுத்தத் தெரியாது. பேச ஆளில்லாத வீட்டில் நோட்டாவது கேட்டுக்கொள்ளட்டும்.

காலை: இரண்டு இட்லி, மசித்து. பிரஷர் 140/90. முகம் சுளித்தது மூன்று முறை (இதையும் எழுதலாம், தப்பில்லை).

மதியம் அமெரிக்காவிலிருந்து பார்சல் வந்தது. மகன் தரணி அனுப்பியிருக்கிறான். உள்ளே கறுப்பாக ஒரு ஸ்மார்ட்வாட்ச், அதோடு பேசிக்கொள்ள ஒரு போன். அப்பா கையில் கட்டிவிட்டால் நாடி, தூக்கம், நடை எல்லாம் சான் ஹோசேயில் உட்கார்ந்தபடி தன் போனில் பார்த்துக்கொள்வானாம். அதைச் செய்கிற கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. வாட்ச்சின் அடியில் நாடியை எண்ணுகிற பச்சை விளக்கு இவன் குழு செய்தது.

இவருக்கும் வாட்ச்தான் தொழில். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் முப்பத்தொரு வருஷம் ஷோரூம் நடத்தினார். பேட்டரி போட்ட வாட்ச்சை வாட்ச் என்றே சொல்லமாட்டார். சாவி கொடுத்தால் ஓட வேண்டும், இல்லை கை அசைவில் ஓட வேண்டும். கோயம்புத்தூரில் மில் வீட்டு மாப்பிள்ளைகளில் பாதிப்பேர் கையில் ஏறியது எங்கள் கடைச் சரக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜையன்று, கடையில், வேலையாட்கள் முன்னாலேயே தரணி சொன்னான்: "இன்னும் பத்து வருசத்துல உங்க வாட்ச்ச யாரும் வாங்க மாட்டாங்கப்பா. கையில கட்டறது ஆளக் கவனிச்சுக்கோணும். சும்மா நேரங் காட்டிட்டு இருந்தாப் பத்தாது."

இவர் பொட்டு வைத்துக்கொண்டிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "வெளிய போடா" என்றார். அன்றோடு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சில்லை. அடுத்த வருஷம் கடையை மூடினார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. தன்னால்தான் என்று தரணி நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இந்த ஜூனில் இவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. தரணி வந்து ஆறு நாள் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தான். இவர் கண் திறப்பதற்குள் லீவு முடிந்து போய்விட்டான். அதனால் இந்தப் பார்சல் சும்மா வந்த பார்சல் இல்லை, எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 5, வெள்ளி

ராகிக் கஞ்சி, அரை டம்ளர். பிரஷர் 150/90. ஏறாமல் என்ன செய்யும்?

பகலில் இவரைப் பார்த்துக்கொள்ள ஜெபக்கனி வருகிறாள். தெற்கே நாசரேத் பக்கத்துப் பெண், நர்ஸ் வேலை பழகியவள். புது வாட்ச்சை அவளைக் கட்டச் சொல்லிவிட்டு நான் சமையலறைக்கு நழுவினேன். இவருடைய ஸ்விஸ் வாட்ச் இடது கையில் இருக்கிறது. அந்தக் கை அசையாததால் வாட்ச்சும் தானாக ஓடாது. தினமும் காலையில் நான்தான் திருகிவிட வேண்டும், முப்பது சுற்று. அதைக் கழற்றவும் விடமாட்டார். ஆளுக்கே வாயில் ஊட்ட வேண்டியிருக்கிறது, வாட்ச்சுக்கும் வேளாவேளைக்குச் சாப்பாடு.

ஜெபக்கனி புதியதை வலது கையில் கட்டினாள். பத்து நிமிஷத்தில் ஓடி வந்தாள்.

"அம்மா, ஐயா வாட்ச் வார பல்லால கடிச்சு இழுத்து எறிஞ்சுட்டாவ. சுவத்துல போய் விழுந்துச்சு. நல்ல வேளை, உடையல."

நான் போய் நின்றேன். வாய் ஒரு பக்கம் கோணினாலும் வார்த்தை தெளிவாகத்தான் வந்தது. "எங்கையில அதக் கட்டறதுக்கு முந்தி என்னக் கொண்டுபோயிக் கட்டையில வையி."

எனக்குக் கோபம் வந்தது. வாட்ச்சை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

செப்டம்பர் 6, சனி

காலை ஏழு மணிக்குத் தரணி கூப்பிட்டான். அங்கே அவனுக்குச் சாயங்காலம்.

"அம்மா, ஒண்ணுமே வரலையே. அப்பா கட்டலையா?"

"கட்டாம என்ன கண்ணு. சார்ஜுல இருக்குது. இப்பப் போட்டுடறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் அவன் மூச்சு விட்டது கேட்டது. "நெசமாவே கட்டிக்கிட்டாராம்மா? ஒண்ணுஞ் சொல்லலையா?" இரண்டு வருஷமாக அந்தக் குரலை நான் கேட்கவில்லை. பத்தாவது பரீட்சை முடிவு சொல்ல வந்தபோது இருந்த குரல்.

வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் என் கையில் கட்டினேன். பச்சை விளக்கு இரண்டு தரம் மினுக்கியது. உடனே போன். "எழுவத்திரண்டும்மா! அருமையா இருக்கு. அப்பாகிட்ட சொல்லு."

சொல்கிறேன் என்றேன். நாளைக்கு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். சண்டை முடிந்த மாதிரி ஒரே ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே.

செப்டம்பர் 9, செவ்வாய்

இட்லி இரண்டு. பிரஷர் 136/84. நாளைக்குச் சொல்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

தோசை ஒன்று. புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் போடுகிறோம்.

இன்று நான் உழவர் சந்தைக்குப் போய் வந்தேன். கீரை, பீர்க்கை, அரசாணிக்காய். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிறேன், போன்.

"அம்மா! அப்பா நாலாயிரம் அடி நடந்திருக்காரு!"

பையைக் கீழே வைத்தேன். "பிசியோதெரபிக்காரர் நடக்க வெச்சாருங் கண்ணு. பிடிச்சுட்டுத்தான்" என்றேன். எப்படி வந்தது அந்த வாக்கியம் என்றே தெரியவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு அது இவ்வளவு நன்றாக அமைந்திருக்கக் கூடாது.

வீடியோவில் பார்க்கிறேன் என்றான். இவர் போனைக் கண்டாலே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். கோணின வாயைப் பிள்ளை பார்க்கக் கூடாது. அது தரணிக்கும் தெரியும், அதனால் வற்புறுத்தவில்லை. "பரவாயில்லம்மா. எனக்குத்தான் எல்லாம் தெரியுதே" என்றான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

தினமும் கூப்பிடுகிறான். "ராத்திரி நாலு தடவ எந்திரிச்சிருக்காரே, ஏம்மா?" "மத்தியானம் மூணு மணிக்கு நாடி நூத்திப் பத்துக்குப் போயிருக்கு, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" இவரைப் புரட்டிப் போட எழுந்தது நான். மூன்று மணிக்கு மாடியில் துணி எடுக்கப் போய் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்ததும் நான். அப்பாவுக்குப் புழுக்கம் என்று சொல்லி வைத்தேன்.

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் என்னை யாரும் ராத்திரி தூங்கினாயா என்று கேட்டதில்லை. எழுத வந்தது அது இல்லை. எழுத வந்தது இது: தீபாவளிக்குப் போட்ட டிக்கெட்டைத் தரணி ரத்து செய்துவிட்டான்.

"அப்பாதான் நல்லா நடக்கறாரே. இப்ப ஆபீஸ்ல புது மாடல் வேல தலைக்கு மேல இருக்குதும்மா. பொங்கலுக்குக் குழந்தைகளையும் கூட்டிட்டு வந்து மூணு வாரம் இருக்கறேன். அப்பா எந்திரிச்சு உக்காந்து திட்டறதுக்கும் தெம்பு வந்திருக்கும்."

சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சட்னிக்கு மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

இவரிடம் பொங்கலுக்கு வருகிறானாம் என்றேன். கூரையைப் பார்த்தபடி, "தீவாளிக்கின்னில்ல சொன்ன?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. இரவு சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

வாட்ச்சில் இங்கிலீஷில் ஏதோ எச்சரிக்கை வந்தது. எனக்குப் படிக்க வரவில்லை. தரணிக்கும் அங்கே போயிருக்கிறது. துடிப்பு தாளம் தப்புகிறதாம், நாளைக்கே அப்பாவுக்கு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டுமாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

லேப் ஆள் மெஷினோடு வீட்டுக்கே வந்தார். இவர் நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டி எடுத்தார். டாக்டர் பார்த்துவிட்டு, வயசுக்கு இது நல்ல இதயம், இதில் கோளாறே இல்லை என்றார். தரணிக்குச் சொன்னேன். அவனுக்குச் சந்தோஷத்தைவிட அவமானம் அதிகம். தங்கள் வாட்ச் தப்பாகச் சொல்லிவிட்டதே என்று குழுவுக்கு எழுதப் போகிறானாம்.

ஜெபக்கனி பாத்திரம் கழுவிக்கொண்டே என் கையைப் பார்த்தாள். "அந்த மெஷின் இருக்கும்போதே நீங்களும் ஒருக்க பாத்துருக்கலாம்லாம்மா?"

"எனக்கென்ன. கல்லுக் குண்டாட்டம் இருக்கறேன்" என்றேன். நான் போய்ப் படுத்தால் இவரை யார் புரட்டுவது?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இவருக்குத் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துத் துடைத்துவிட்டேன். வேட்டி சாத்தியாயிற்று. பலகாரம் கடையில் வாங்கினது.

நவம்பர் 8, சனி

கஞ்சிதான். உடம்பு இளைத்து, ஸ்விஸ் வாட்ச் முழங்கை வரை நழுவுகிறது. இருமல்.

இன்று காலை அதைத் திருகிக்கொண்டிருந்தேன். இவராகப் பேச ஆரம்பித்தார். இவ்வளவு நீளமாகப் பேசி மாதக்கணக்காகிறது.

"அம்மிணி, தரணி அன்னிக்குக் கடையில சொன்னானல்ல."

"சொன்னான். அதுக்கென்னங்க இப்ப."

"அவன் சொன்னது பாதி சரி."

என் கை நின்றுவிட்டது. இந்த மனிதர் வாயிலிருந்து பாதி சரி என்பது வேறொருவர் காலில் விழுவதற்குச் சமம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஏனுங்க, இத அவன்கிட்டச் சொல்லுங்க. இப்பவே போன் போட்டுத் தர்றேன்."

"போன்ல வேண்டாம். இந்த வாயோட போன்ல பேசுனா அவனுக்குப் பாதிதான் புரியும். நேர்ல சொல்றேன். வரட்டும்."

குக்கர் விசில் அடித்தது. எழுந்து போனேன்.

நவம்பர் 13, வியாழன்

நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார். இவர் முடியாது என்று கையை ஆட்டினார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பையனை வரச் சொல்லிடுங்கம்மா" என்றார்.

தரணியிடம், அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, புறப்பட்டு வா என்றேன்.

"அம்மா, இப்பத்தான் பாத்தேன். ஆக்சிஜன் தொண்ணூத்தேழு. காலையில ரெண்டாயிரம் அடி. நீ பயந்துக்கற. சளின்னா மருந்து குடு. நீ சொல்றத விட நான் பாக்கறது சரியா இருக்கும்."

"டாக்டர் சொன்னாருப்பா."

"வயசானவங்கன்னா டாக்டருங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. டிசம்பர் முடியட்டும்."

போனை வைத்த பிறகு மருந்துக் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். அதையும் அவன் அங்கே எண்ணியிருப்பான்.

நவம்பர் 14, வெள்ளி

இவர் அசந்திருக்கிறார் என்று நினைத்து, என் கையிலிருந்ததைக் கழற்றி இவர் வலது கையில் கட்டப் போனேன். கண்ணைத் திறந்துவிட்டார். என் மணிக்கட்டில் வார் பதிந்து வெள்ளையாக இருந்த தடத்தையே பார்த்தார்.

"எத்தன நாளா?"

"நீங்க சுவத்துல எறிஞ்ச மறுநாள்ல இருந்து." சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. நாலாயிரம் அடி, ஈ.சி.ஜி., தீபாவளி டிக்கெட், எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் செய்தேன் என்று இவர் கேட்கவில்லை. நல்ல வேளை. உங்கள் இரண்டு பேருக்காகத்தான் என்று சொல்லியிருப்பேன், அது முழுக்க உண்மையாக இருந்திருக்காது.

இவர் உதடு ஒரு பக்கம் மேலே போனது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. "முப்பத்தொரு வருசம் யாவாரம் பண்ணியிருக்கறேன். உன்னாட்ட ஒருத்தரும் என் சரக்க மாத்தி விக்கல."

அப்புறம் வலது கையை எடுத்துப் போர்வை மேல் வைத்தார். "கட்டு. அவனோட பச்சை வெளக்கு என்னயும் ஒருக்காப் பாக்கட்டும். பாத்தா வருவான்."

கட்டினேன். கடைசித் துளையில் போட்டும் லொடலொட என்றிருந்தது. பஞ்சு வைத்து இறுக்கினேன்.

நவம்பர் 15, சனி

விடிந்ததும் தரணி கூப்பிட்டான்.

"அம்மா, வாட்ச் பழுதாயிடுச்சு. நேத்து மத்தியானத்துல இருந்து எல்லாமே தாறுமாறா வருது. ஆக்சிஜன் எம்பத்தெட்டுங்குது. நாடி நூத்தி முப்பது. ஒரு அடி நடக்கலைங்குது. கவலப்படாத, கொரியர்ல வேற ஒண்ணு அனுப்பறேன்."

இதற்கு மேலும் நான் வாயை மூடியிருந்தால் மனுஷியே இல்லை.

"பழுதில்ல கண்ணு. இப்பத்தான் அது சரியாக் காட்டுது" என்றேன்.

"என்னம்மா சொல்ற?"

"இத்தன நாளா நீ பாத்தது என்ன. எங்கையில கட்டியிருந்தேன். அப்பா ஒரு நாளும் நடக்கல சாமி."

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மேசை நாற்காலி நகரும் சத்தம்தான் கேட்டது. பிறகு, "டிக்கெட் போடறேன்" என்று வைத்துவிட்டான்.

இவரிடம் வருகிறான் என்றேன். தலையை அசைத்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

விமானம் ஏறிவிட்டான். கஞ்சி இறங்கவில்லை. ஜெபக்கனி வீட்டுக்குப் போகாமல் இருந்துகொண்டாள். இவர் ஒரு முறை "மணி என்ன?" என்றார். கையில் இரண்டு வாட்ச் கட்டியிருந்தும் என்னிடம் கேட்டார். நாளைக்கு ராத்திரிக்குள் வந்துவிடுவான் என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

காலை ஒன்பது இருபதுக்குப் போய்விட்டார். நானும் ஜெபக்கனியும் பக்கத்தில் இருந்தோம்.

தரணிக்குச் சொல்லப் போனை எடுத்தேன். அதற்குள் அவனே கூப்பிட்டுவிட்டான், தோஹா விமான நிலையத்திலிருந்து. "பாத்தேம்மா" என்றான்.

நவம்பர் 24, திங்கள்

நோட்டை எடுக்கவே கை வரவில்லை. பிரஷர் எழுத ஆள் இல்லை.

தரணி வந்தான், கொள்ளி வைத்தான், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டான். என்னோடு தேவைக்கு மட்டும் பேசினான். இன்று சாயங்காலம் எதிரில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினான்.

"இதுல அப்பா மூணே நாள்தாம்மா இருக்காரு. மிச்ச எழுவது நாளும் நீ." விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினான். "துடிப்பு பதினோரு தடவ தப்பியிருக்கு. அதும் நீதான். நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர்."

போகாவிட்டால் என்ன என்றேன். என்னை முறைத்தான். அப்படியே அவர் முறைப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவன் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

நவம்பர் 25, செவ்வாய்

இதயத் துடிப்பில் கோளாறு இருக்கிறதாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, ஆயுசுக்கும். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உங்களுக்கும் பக்கவாதம் வந்திருக்கும். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். தரணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் வாட்ச் என்றேன்.

டிசம்பர் 4, வியாழன்

காரியம் எல்லாம் முடிந்தது. மத்தியானம் அவனுக்கு விமானம்.

காலையில் காபி கொடுத்துவிட்டு, இதற்கு மேல் வைத்திருக்க முடியாமல் சொன்னேன். "அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்னு இருந்தாரு. நேர்லதான் சொல்லுவேன்னு வெச்சிருந்தாரு. போன மாசம் எட்டாந் தேதி எங்கிட்டச் சொன்னாரு, நீ அன்னிக்குக் கடையில சொன்னது பாதி சரின்னு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "எந்தப் பாதிம்மா?"

அவனே பிரித்துச் சொன்னான்.

"ரெண்டு சொன்னேன். இனி யாரும் அந்த வாட்ச்ச வாங்க மாட்டாங்கன்னேன். கையில கட்டறது ஆளக் கவனிக்கோணும்னேன். எது சரின்னாரு?"

ஒரு பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடை நின்றது உன்னால் இல்லை என்றார், உன் வாட்ச்சைத்தான் மெச்சினார் என்று நான் சொன்னால் போதும். அவன் நம்புவான். விமானத்தில் தூங்கிக்கொண்டு போவான். அவர் குரலிலேயே சொல்லவும் எனக்கு வரும். வாயைத் திறந்தும்விட்டேன்.

"தெரியாதுப்பா" என்றேன். "அவர் சொல்லல. நான் கேக்கல."

தலையை ஆட்டிக்கொண்டான். பெட்டியை எடுத்து வண்டியில் வைத்தான். அப்பாவின் ஸ்விஸ் வாட்ச்சை எடுத்துப் போகிறாயா என்றேன், வேண்டாம் என்றான். மாத்திரையை மறக்கக் கூடாது என்று ஜெபக்கனியிடம் இரண்டு தரம் சொன்னான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

வாசலில் ஷூ மாட்டக் குனிந்தவன் நிமிராமலே கேட்டான். "அப்பறமும் ஒம்பது நாள் இருந்தாரே. ஒரு தடவைகூடக் கேக்கணும்னு தோணலையாம்மா?"

தோன்றவில்லை.